இடுப்பு வலிக்கு மசாஜ் குஷன்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக வேலை செய்கிறேன். வயது 44. நான்கைந்து மாதங்களாக மாலையானால் இடுப்பு பிடித்துக்கொண்டு வலிக்கிறது. வலி காலுக்கு இறங்கவில்லை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இடுப்புப் பகுதியில் எல் 4, எல் 5 என்ற முதுகெலும்புகளுக்கு இடையே லேசான தேய்மானம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சாப்பிடும்வரை வலி குறைந்திருந்தது. இப்போது என் மகள் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் மசாஜ் குஷன் வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். பக்கத்து வீட்டில் இருந்ததை அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். அப்போது சுகமாக இருந்தது. மறுநாள் முதுகு கன்றிப்போய் வலி கூடிவிட்டது. இதை வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது? என் மாமியாருக்கு 71 வயது. சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஓரிரு வருடங்களாக முதுகு கூன் விழுந்து வருகிறது. அவரும் இதைப் பயன்படுத்தலாமா?
வாசகி, திருப்பூர்

பதில் அளிப்பவர்: இயன்முறை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மசாஜ் குஷன் வாங்கலாம். ஆனால் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்த விதத்தில் வைக்கக் கூடாது. உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம். அவருடைய முதுகைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி, உங்கள் இடுப்பு வலியைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது என்பதால், அதைக் கடைசியில் தனியாக எழுதுகிறேன்.

மறுநாள் முதுகு கன்றிப்போனதற்கு அந்தக் குஷன் மட்டமானது என்பதோ, உங்கள் உடம்பு தாங்காது என்பதோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. முதுகின் நடுவில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பாருங்கள். வரிசையாக எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றின் மேல் தோலைத் தவிரச் சதை அநேகமாக இல்லை. அந்த வரிசைக்கு இரண்டு பக்கமும் தேர்வடம் போலத் திரண்டு ஓடும் தசைகளே நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் உங்கள் உடலைத் தாங்கிப் பிடிப்பவை. மாலையில் இறுகிப்போவதும் அவையே. குஷனுக்குள் ஜோடி ஜோடியாகச் சுழலும் உருண்டைகள் இந்தத் தசைகளின் மேல் படும்படி அமைக்கப்பட்டவை. குஷன் இரண்டு விரற்கடை ஒதுங்கிவிட்டால் ஒரு பக்கத்து உருண்டை நேராக எலும்பு முனைகளின் மேல் ஏறி இறங்கும். அதுவும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் என்றால், தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கன்றுவதில் வியப்பில்லை. பெரும்பாலான குஷன்கள் 15 அல்லது 20 நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டவை. நீங்கள் அரை மணி நேரம் வைத்திருந்தீர்கள் என்றால், அது ஒரு முறை நின்ற பிறகு மறுபடியும் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். சுகமாக இருக்கும்போது எல்லோரும் செய்வதுதான் அது.

இந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தெளிவு இருந்தால் பணமும் வீணாகாது, ஏமாற்றமும் இருக்காது. இறுகிய தசையை அழுத்திப் பிசையும்போது அது தளர்கிறது. அந்த இடத்திலிருந்து மூளைக்குப் போகும் தொடு உணர்வு, வலி உணர்வைச் சற்று நேரம் அடக்கி வைக்கிறது. அதனால் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. ஆனால் அது சில மணி நேரத்துக்கானது. முதுகெலும்புகளுக்கு இடையே இருந்து விலகிய ஜவ்வை உள்ளே தள்ளும், தேய்ந்த எலும்பை வளர்க்கும் என்றெல்லாம் விளம்பரங்களில் வருவதை நம்ப வேண்டாம். ஜவ்வு இருப்பது முதுகுத் தசைக்கும் எலும்பு முனைகளுக்கும் அப்பால், உடலின் ஆழத்தில். வெளியிலிருந்து சுழலும் உருண்டை அதைத் தொடக்கூட முடியாது. இடுப்பு வலிக்கான மசாஜ் குறித்து அதுவரை நடந்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, குறுகிய காலத்துக்கு வலி குறையலாம் என்றும், அதற்குக்கூடச் சான்றுகள் வலுவானவை அல்ல என்றும் முடிவு சொன்னது. அந்த ஆய்வுகளில் பேசப்படுவதும் பெரும்பாலும் மனிதக் கைகள் செய்யும் மசாஜ்; அந்தச் சுமாரான பலனையும் ஒரு குஷனிடம் முழுதாக எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் மசாஜுக்கு இடம் உண்டு. ஆனால் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம் போன்றவற்றோடு சேர்ந்து வரும் ஒன்றாகவே அது இடம்பெறுகிறது. அதே வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குஷனுக்கு அடுத்தபடி உங்களுக்கு யாராவது அதைத்தான் வாங்கித் தருவார்கள்.

தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் பயந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைக் கொண்ட 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி, எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களில்கூட 37 விழுக்காட்டினருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் அது 80 விழுக்காடு. ஆகவே 44 வயதில் எல் 4, எல் 5 இடத்தில் லேசான தேய்மானம் தெரிவது தலையில் நாலு நரை தெரிவதைவிடப் பெரிய செய்தி அல்ல. வேலை முடியும் நேரத்தில் கூடி, காலுக்கு இறங்காமல் இடுப்போடு நிற்கும் உங்கள் வலிக்குத் தசை இறுக்கம் முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். குஷன் வாங்கலாம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

இனி வாங்குவதைப் பற்றி. சந்தையில் கிடைப்பவற்றில் ஒரு வகை வெறுமனே அதிரும், விலை குறைவு. இன்னொரு வகையில் உருண்டைகள் சுழன்று பிசையும். பெட்டியில் ஷியாட்சு என்று போட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, நாற்காலி முழுவதையும் மூடும் பெரிய இருக்கை விரிப்பு. உங்களுக்கு நடுவில் உள்ளது போதும். அதிர்வு மட்டும் தருவது இறுகிய இடுப்புத் தசைக்கு எட்டாது. பெரிய விரிப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு உங்கள் இடுப்புக்குக் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடாது. நான்கு உருண்டைகள் உள்ளதே போதுமானது. எட்டு, பதினாறு என்று எண்ணிக்கை ஏறும்போது பல குஷன்களில் உருண்டைகள் சிறிதாகி நெருக்கமாக வைக்கப்படுகின்றன. அவை நடு எலும்பின் மேல் படுவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. ரிமோட்டில் உள்ள பத்து வகை ஓட்டங்களில் நீங்கள் முதல் வாரத்துக்குப் பிறகு தொடப்போவது ஒன்றைத்தான். அவசியம் இருக்க வேண்டியவை வேறு: வேகத்தைக் குறைக்கும் வசதி, தானாக நிற்கும் வசதி, வெப்பத்தைத் தனியாக அணைக்கும் பொத்தான். சில மலிவான குஷன்களில் மோட்டார் ஓடத் தொடங்கினாலே வெப்பமும் சேர்ந்தே வரும். திருப்பூர் சித்திரை வெயிலில் அதை நீங்கள் திட்டிக்கொண்டே பயன்படுத்த வேண்டியிருக்கும்.

முடிந்தால் கடையில் பார்த்தே வாங்கச் சொல்லுங்கள். குஷனை மேசைமேல் வைத்து ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் உருண்டைகளின் மேல் வைத்து உடல் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்து அழுத்திப் பாருங்கள். நல்ல மோட்டார் சற்றுத் தயங்கினாலும் சுழன்றுகொண்டே இருக்கும். மட்டமானது உறுமிவிட்டு நின்றுவிடும். காற்றில் சுழல்வதை மட்டும் காட்டி விற்கும் கடைக்காரரிடம் இந்தச் சோதனைக்கு அனுமதி கேட்டாலே பொருளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். அடுத்து, உருண்டைகளின் மேல் இருக்கும் வலைத்துணியை விரலால் இழுத்துப் பாருங்கள். அது இறுக்கமாகவும், தையல் பிரியாமலும் இருக்க வேண்டும். துணியின் தையலைப் பார்ப்பதில் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. நாற்காலியில் கட்டுவதற்குப் பின்புறம் எலாஸ்டிக் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டை இல்லாத குஷன் பிளாஸ்டிக் நாற்காலியில் நழுவிக்கொண்டே இருக்கும்; உங்களுக்கு நேர்ந்ததைப் போல ஒதுங்கிப்போய் எலும்பைத் தேய்க்கும்.

இவை பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகின்றன. மின்சாரப் பாதுகாப்பு அந்த அடாப்டரில்தான் இருக்கிறது. அதன் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவெண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டு உங்கள் மகள் சரிபார்த்துக்கொள்ளலாம். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த நாடு, இறக்குமதி செய்தவரின் முகவரி, புகார் தெரிவிக்கும் எண் ஆகியவை இல்லையென்றால் வாங்க வேண்டாம். அடாப்டர் பழுதானால், கிடைக்கிறதே என்று செட் டாப் பாக்ஸின் அடாப்டரைச் செருகாதீர்கள். முனை பொருந்திவிடும், ஆனால் மின்னோட்ட அளவு பொருந்தாமல் சூடேறும்.

பயன்படுத்தும் முறைக்கு வருகிறேன். வேலையிலிருந்து வந்ததும் அப்படியே குஷனில் சாயாமல், முகம் கழுவி, வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். சோபா வேண்டாம், அதில் குஷனும் நீங்களும் சேர்ந்தே புதைந்துவிடுவதால் இடுப்பு வளைந்துவிடும். முதுகு நிமிர்ந்த, கெட்டியான சாய்மானம் உள்ள நாற்காலியும், தரையில் முழுதாகப் பதியும் பாதங்களும் வேண்டும். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கட்டைவிரல்களைப் பின்பக்கமாகக் கொண்டுபோனால், இடுப்பெலும்பின் உச்சியை ஒட்டிய உயரத்தில் அவை நடு முதுகை நோக்கி வரும். ஏறக்குறைய அந்த உயரத்தில் இருப்பதுதான் உங்கள் அறிக்கையில் உள்ள எல் 4. குஷனின் நடுக்கோடு முதுகின் நடுக்கோட்டில் இருக்கும்படியும், உருண்டைகள் இந்த உயரத்துக்கு இருபுறமும் படும்படியும் கட்டுங்கள். விலா எலும்புகள் முடியும் இடத்துக்குக் கீழே, பக்கவாட்டில் உள்ள மென்மையான பகுதியில் உருண்டை அழுத்தக் கூடாது. அதற்கு உள்ளே சிறுநீரகங்கள் இருக்கின்றன.

முதல் வாரம் குஷனுக்கும் முதுகுக்கும் இடையில் ஒரு துண்டை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் போதும். கன்றியது முழுவதும் மறைந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் லேசான உடல்வலி இருந்தால் பரவாயில்லை. அது ஒரு நாளில் போய்விடும். போய்விட்டால் மெல்ல மெல்ல பத்து நிமிடமாக உயர்த்தலாம். அதற்கு மேல் ஒரே இடத்தில் வைப்பதில் பயன் இல்லை. எவ்வளவு பலமாகச் சாய வேண்டும் என்பதற்கு ஒரு எளிய அளவு உண்டு: அழுத்தம் படும்போது நீங்கள் இயல்பாக மூச்சு விட முடிய வேண்டும், பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அது அதிகம். கட்டிலில் குஷனைப் போட்டு அதன்மேல் மல்லாந்து படுப்பதைப் பலர் செய்கிறார்கள். உடலின் பாரம் முழுவதும் நான்கு உருண்டைகளின் மேல் இறங்குவதாலும், அப்படியே கண்ணயர்ந்துவிடுவதாலும் அதை நான் அனுமதிப்பதில்லை. தைலமோ வலி நிவாரண ஜெல்லோ தடவிய முதுகில் வெப்பத்தோடு குஷனை வைக்கக் கூடாது. தோல் எரிந்து சிவந்துவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சடையையும் தாலிக்கொடியையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தில் வைக்கும் சுழலும் மசாஜ் கருவி ஒன்றில் முடி, ஆடை, நகை ஆகியவை சிக்கி உயிரிழப்பு வரை போனதால், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. உங்கள் குஷன் துணியால் மூடப்பட்டது என்பதால் அந்த ஆபத்து குறைவு. துணி கிழிந்துவிட்டாலோ, ஜிப் திறந்திருந்தாலோ அது குறைவு அல்ல. ஆகவே சடையைக் கொண்டையாகப் போட்டுக்கொண்டு, முந்தானையை முன்னால் எடுத்துச் செருகிக்கொண்டு உட்காருங்கள். கழுத்துக்கு வைப்பதாக இருந்தால் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். வலைத்துணியில் சிறு கிழிசல் தெரிந்தால் ஊசி நூலால் தைத்துச் சமாளிக்காமல், உறையையே மாற்றும்வரை கருவியை ஒதுக்கி வையுங்கள்.

குஷனை அணைத்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் எனக்கு முக்கியம். தசை தளர்ந்து, வலி மட்டுப்பட்டிருக்கும் அந்த நேரத்தில் பயிற்சி செய்வது எளிது. பலரும் அந்த நேரத்தைத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தே கழித்துவிடுகிறார்கள். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, அடிமுதுகைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள், பத்து முறை. அதே நிலையில் பாதங்களை ஊன்றி இடுப்பை மேலே தூக்கி இறக்குங்கள். அதுவும் பத்து முறை. பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, வலக் கையையும் இடக் காலையும் நேராக நீட்டி, அடுத்து மறுபக்கத்துக்கு மாற்றிச் செய்யுங்கள். இதோடு இருபது நிமிட நடை. குஷன் இல்லாமல் இவற்றைச் செய்பவர்கள் தேறுவதைப் பார்த்திருக்கிறேன். இவை இல்லாமல் குஷனை மட்டும் நம்பியவர்கள் சில மாதங்களில் அதை அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

வேலையிடத்தில் உங்கள் ஸ்டூலுக்குச் சாய்மானம் இருக்காது. ஆகவே குஷனை அங்கே கொண்டுபோவது பற்றி யோசிக்க வேண்டாம். அதற்குப் பதில், ஒவ்வொரு பண்டல் முடியும்போதும் எழுந்து நின்று, உள்ளங்கைகளை இடுப்புக்குப் பின்னால் வைத்து, நான்கைந்து முறை மெல்லப் பின்னோக்கிச் சாயுங்கள். அரை நிமிடம் போதும், சூப்பர்வைசருக்கும் ஆட்சேபம் இருக்காது. மிதி எட்டாமல் காலை நீட்டித் தைக்கிறீர்கள் என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி அதை அருகில் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருந்தால் ஸ்டூல் தாழ்வாக இருக்கிறது என்று பொருள்.

குஷன் வைத்த பிறகு வலி பிட்டத்தைத் தாண்டிக் காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலும், அவற்றை வெளியேற்ற முடியாமல் அடைத்துக்கொண்டாலும், தொடைகளின் உட்புறமும் மறைவிடமும் மரத்தாலும், கால் பலம் குறைந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு, அல்லது காரணமில்லாமல் எடை குறைவதோடு, அல்லது படுத்தாலும் தணியாமல் இரவில் எழுப்பும் வலியோடு வரும் முதுகுவலிக்கும் குஷன் மருந்தல்ல. இதைப் படிக்கும் மற்றவர்களில் கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்து தகடு பொருத்தியவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

இப்போது உங்கள் மாமியார். அவருக்குக் குஷன் வேண்டாம் என்பதற்கு நீங்கள் எழுதியிருக்கும் மூன்று செய்திகளில் எது ஒன்றும் போதும். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் மாத்திரைகளால் சிறிய அழுத்தத்துக்கும் பெரிதாகக் கன்றிப்போகும். உங்களுக்கு ஒரு ரூபாய் அளவில் கன்றியது அவருக்கு உள்ளங்கை அளவுக்குப் பரவலாம். இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நீண்ட காலச் சர்க்கரையில் தோலின் உணர்வு மங்கிவிடுவதால், குஷன் சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும்.

மூன்றாவது, அவருக்குக் கூன் விழுந்து வருவது. அதுதான் நான் முதலில் குறிப்பிட்ட வரி. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எழுபது வயதில், கீழே விழாமலேயே, ஒரு குடத்தைத் தூக்கும்போதோ இருமும்போதோகூட முதுகெலும்பு முன்பக்கமாக நொறுங்கி அமுங்கிவிடுவது உண்டு. பல சமயம் பெரிய வலி இல்லாமல், உயரம் குறைவதும் கூன் விழுவதுமாகவே அது வெளித்தெரியும். வயதானால் கூன் விழும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட முதுகில் சுழலும் உருண்டைகளை அழுத்துவது அடுத்த எலும்பையும் நொறுக்கிவிடக்கூடும். அவரை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போய், முதுகுக்கு ஒரு எக்ஸ்ரேயும், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கோவையின் பெரிய மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு. எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது தெரிந்தால் அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. எந்த மருந்து என்பதை அவருடைய இதய மருந்துகளையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

அதுவரை அவருக்கு முதுகு வலித்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை உங்கள் முழங்கையின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகு, பத்து நிமிடம் அவர் முதுகில் போட்டு எடுங்கள். இடையிடையே துண்டை விலக்கித் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். முதுகைப் பிடித்துவிடச் சொன்னால் அழுத்தாமல் மேலோட்டமாக நீவிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குனிந்து வாளி தூக்குவதையும், தரையில் உட்கார்ந்து வளைந்து காய் நறுக்குவதையும் நீங்களோ உங்கள் மகளோ பார்த்துக்கொண்டால் நல்லது. நீங்கள் வேலைக்குப் போன பிறகு பகலில் அவரே எடுத்து வைத்துப் பார்க்கக்கூடும் என்பதால், குஷனின் அடாப்டரைக் கழற்றி உங்கள் பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள்.